ராத்திரி அரிப்பா? முதலில் விரலிடுக்கைப் பாருங்கள்

தங்கை மகளுக்கு உடம்பெல்லாம் சின்னச் சின்னதாய்ப் பொரி. பகலில் நன்றாக விளையாடுவாள், படுக்கப் போட்டதும் சொறிய ஆரம்பிப்பாள், தூக்கத்திலேயே சொறிந்து ரத்தம் வந்துவிடும். வேர்க்குரு என்றார்கள், அலர்ஜி என்றார்கள். யாரோ கொடுத்த ஸ்டீராய்டு களிம்பைப் பூசியதில் சிவப்பு மட்டும் அடங்கியது, அரிப்பு நிற்கவில்லை. அரிப்புக்குக் காரணம் தோலுக்குள் குடையும் ஒரு நுண்ணிய பூச்சி. இந்தக் களிம்பு வெளியே தெரியும் அடையாளங்களை மறைத்துவிடும், பூச்சி அது பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும்.

தோல் டாக்டர் எடுத்த எடுப்பில் விரலிடுக்கைத்தான் விரித்துப் பார்த்தார். பென்சிலால் லேசாகக் கீறினது மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு வளைந்த கோடு, ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பெண் பூச்சி முட்டையிடத் தோலுக்குள் குடைந்த வழி அது. அப்புறம் மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, உள்ளங்கால் என்று பார்த்துவிட்டு, "வீட்டில் வேறு யாருக்கெல்லாம் அரிக்கிறது?" என்றார். தங்கைக்கும் அரித்துக்கொண்டுதான் இருந்தது, வறண்ட தோல் என்று விட்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஸ்கேபிஸ், அதாவது சிரங்கு.

முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம், அதற்குள் கூடப் படுப்பவர்களுக்குப் பரவிவிடும். அதனால் அரிக்காதவர்கள் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி பூச்சியைக் கொல்லும் 5% பெர்மெத்ரின் களிம்பைப் பூச வேண்டும். கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடியையும் விடாமல். சின்னக் குழந்தைக்குத் தலைக்கும் உண்டா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் குளியல், துணி போர்வையெல்லாம் வெந்நீரில், ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே மருந்து. பூச்சி செத்த பிறகும் சில வாரம் அரிக்கும், பயந்துபோய் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள்.

*

நான் பார்த்த கோடு வேறு மாதிரி. நண்பர் ஒருவர் கடற்கரை மணலில் வெறுங்காலோடு சுற்றிவிட்டு வந்தவர், பாதத்தில் சிவந்து தடித்த கோடு ஒன்று நெளிந்து நெளிந்து போனது. முனையில் பேனாவால் புள்ளி வைத்தோம், மறுநாள் கோடு புள்ளியைத் தாண்டியிருந்தது! நாய், பூனைக் கழிவிலிருந்து மண்ணுக்கு வரும் கொக்கிப்புழுவின் இளம்புழுவாம். மனிதத் தோலுக்குள் அதனால் ஆழமாகப் போக முடியாது, மேலாகவே ஊர்ந்துகொண்டிருக்கும். சூடு வைக்கலாம் என்று ஒருவர் கிளம்பினார், நல்லவேளை தடுத்துவிட்டோம். கண்ணுக்குத் தெரியும் முனைக்குச் சற்று முன்னால்தான் புழு இருக்குமாம், சூடு வைத்தால் புண்தான் வரும். ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. சொறிந்த இடத்தில் சீழ் பிடித்தாலோ காய்ச்சல் வந்தாலோ மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.