ராணுவச் செயற்கைக்கோள்களுக்குக் காவல் இருப்பது எப்படி?

வான்மதி_இயற்பியல் (கேள்வி)

வணக்கம். அடுத்த வாரம் கல்லூரிக் கருத்தரங்கில் 20 நிமிடம் பேச வேண்டும். நாட்டின் பாதுகாப்புக்கான செயற்கைக்கோள்களை எதிரிகளிடமிருந்து காப்பது எப்படி என்பது தலைப்பு. சீனா 2007இல் தன் பழைய வானிலைச் செயற்கைக்கோளைச் சுட்டது, இந்தியா 2019 மார்ச்சில் சுட்டது, ரஷ்யா 2021 நவம்பரில் சுட்டது என்று ஏவுகணைக் கதைகளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். என் அறைத்தோழி அதைப் பார்த்துவிட்டு, "இது அத்தனையும் வாணவேடிக்கை. நிஜமான ஆபத்து கம்ப்யூட்டர்ல இருக்கு" என்று சொல்லிவிட்டாள். கவசம் போட்டால் தப்பாதா? ஏவுகணை வருவது தெரிந்ததும் நகர்த்த முடியாதா? இல்லை, அவள் சொல்வதுதான் சரியா? இந்த வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

கவசத்தை மறந்துவிடுங்கள். தாழ்வான சுற்றுப்பாதையில் எல்லாமே நொடிக்குச் சுமார் 7.5 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அடுக்குக் கவசமே ஏறக்குறைய 1 செ.மீ. துண்டு வரைக்கும்தான் தாங்கும். நகர்த்துவதும் நடக்காது. தாழ்வான பாதைக்கு ஏவுகணை சில நிமிடங்களில் வந்துவிடும், செயற்கைக்கோளின் உந்துபொறியோ மெல்லத் தள்ளுகிற சாதி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இதுவரை சுட்டுப் பார்த்த நான்கு நாடுகளும் (அமெரிக்காவை விட்டுவிட்டீர்கள், 1985, 2008) உடைத்தது தங்கள் சொந்தச் செயற்கைக்கோளைத்தான். சீனா உடைத்தது சுமார் 865 கி.மீ. உயரத்தில். 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் கணக்கில் ஏறின, நிறைய இன்னும் மேலேயே சுற்றுகின்றன. 2021இல் ரஷ்யா உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள் தங்கள் விண்கலங்களுக்குள் போய் ஒதுங்க வேண்டியதாயிற்று. அவர்களில் ரஷ்யர்களும் உண்டு. தெருவில் கண்ணாடியை உடைத்துவிட்டு அதே தெருவில் வெறுங்காலோடு நடப்பது யாருக்குப் பிடிக்கும்?

இரவுப்பணி

வான்மதி, என் ஓட்டு உங்கள் தோழிக்கு. ஆனால் அவர் சொன்னதும் பாதிதான். நான் 19 வருடம் தரைநிலையத்தில் ஷிஃப்ட் பார்த்தவன். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். அங்கே எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது ஏவுகணையும் இல்லை, ஹேக்கரும் இல்லை. "இது தாக்குதலா, கோளாறா?" என்கிற ஒரே கேள்வி.

ஒரு இரவைச் சொல்கிறேன். மணி இரண்டே கால் இருக்கும். எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் திரையில் ஒவ்வொரு வாடிக்கையாளரின் சிக்னலும் ஒரு மேசை மாதிரி தட்டையாக நிற்கும். வருடக்கணக்காகப் பார்த்தால் எந்த மேசை யாருடையது என்று கண் தானாகவே சொல்லிவிடும். அன்று ஒரு மேசையின் மேல் திடீரென்று ஒரு திமில் முளைத்தது. அது ராணுவ வாடிக்கையாளர் வாடகைக்கு எடுத்திருந்த சேனல். இரண்டு நிமிடத்தில் போன் அலற ஆரம்பித்தது. ஷிஃப்ட் தலைவர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஜாமிங்தான்யா, எழுது லாக்ல" என்கிறார். ஜாமிங் என்றால் வேண்டுமென்றே வேறு சிக்னலை ஏவி அமுக்குவது. எனக்குப் பேனா ஓடவில்லை.

எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எந்த ஆன்டெனாவும் சிக்னலை நேராக மட்டும் அனுப்பாது, பக்கவாட்டிலும் கொஞ்சம் சிந்தும். அந்தச் சிந்தல் பக்கத்துச் செயற்கைக்கோளிலும் போய் விழும். ஒரே சிக்னல் இரண்டு வழியாக வந்து சேரும்போது நேரத்திலும் அலைவரிசையிலும் வருகிற மிகச் சிறிய வித்தியாசத்தை அளந்தால், பூமியில் ஒரு நீள்வட்டம் கிடைக்கும். அது ஒரு புள்ளி இல்லை, பல கிலோமீட்டர் நீளம் இழுக்கும். எங்களுக்கு அது கிடைக்க விடிந்துவிட்டது. பார்த்தால், அந்த நீள்வட்டத்துக்கு நடுவில் அதே வாடிக்கையாளரின் முகாம்! லாரி மேல் இருந்த ஆன்டெனாவைப் பராமரிப்புக்குக் கழற்றி மாட்டியவர்கள் ஃபீடை (ஆன்டெனா தட்டுக்கு முன்னால் அலையை அனுப்பும் பகுதி) சற்றுத் திருப்பி முடுக்கிவிட்டார்கள். ஒரே அலைவரிசையில் ஒருவர் குறுக்குவாட்டிலும் இன்னொருவர் நெடுக்குவாட்டிலும் அலையை அனுப்பலாம், இடிக்காது. கோணம் பிசகினால் ஒன்று மற்றொன்றில் வழியும். அவர்களின் சிக்னலே அவர்களை அடித்திருக்கிறது. தோளில் கிடந்த துண்டை ஊரெல்லாம் தேடின கதை.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விஷயமே இங்கேதான் இருக்கிறது. கையாலாகாத்தனத்துக்கும் கெட்ட எண்ணத்துக்கும் அந்தத் திரையில் ஒரே முகம். நிஜமாகவே தாக்க வருகிறவன் இந்தச் சந்தேகத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொள்வான்.

செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவிக்கு ட்ரான்ஸ்பான்டர் என்று பெயர். சாதாரண ட்ரான்ஸ்பான்டர் வந்தவர் யார் என்று கேட்பதில்லை. மேலே வருவதை அலைவரிசை மாற்றி, பெருக்கி, கீழே அனுப்பும், அவ்வளவுதான். பிரேசிலில் லாரி ஓட்டுநர்களும் மரம் வெட்டுபவர்களும் அமெரிக்கக் கடற்படையின் பழைய செயற்கைக்கோள்கள் வழியாக வருடக்கணக்கில் அரட்டை அடித்தார்கள். 2009இல் பிரேசில் போலீஸ் 39 பேர் மீது நடவடிக்கை எடுத்தது. ஜி.பி.எஸ். இன்னும் பாவம். சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் சிக்னல் தரையில் இரைச்சலுக்கும் கீழே கிடக்கிறது. அதை அமுக்கச் சின்ன ஜாமர் போதும்.

அப்புறம் தோழி சொன்ன கம்ப்யூட்டர். 2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால், கே.ஏ.-சாட் என்ற செயற்கைக்கோளின் இணையச் சேவை விழுந்தது. மேலே இருந்த செயற்கைக்கோளை யாரும் தொடவே இல்லை. சரியாக அமைக்காத ஒரு வி.பி.என். (வெளியிலிருந்து நெட்வொர்க்குக்குள் நுழைய வைத்திருக்கும் பாதுகாப்பு வழி) வழியாகத் தரையிலுள்ள நிர்வாக நெட்வொர்க்கில் புகுந்து, வாடிக்கையாளர் வீட்டு மோடம்களுக்குக் கட்டளை அனுப்பி அவற்றின் நினைவகத்தை அழித்தார்கள். பல்லாயிரம் மோடம்கள் செங்கல்லாகிப் போயின. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போயிற்று. காற்றாலைகள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, கேட்க ஆள் இல்லை. உங்கள் 20 நிமிடத்தில் 10 நிமிடம் இதற்குக் கொடுங்கள்.

வான்மதி_இயற்பியல்

ரொம்ப நன்றி சார். தோழி இதைப் படித்துவிட்டு மிதப்பில் இருக்கிறாள். சரி, காப்பது எப்படி? ஒரு பெரிய செயற்கைக்கோளுக்குப் பதில் நூற்றுக்கணக்கில் சின்னதாக ஏவுவதுதான் வழி என்று படித்தேன்.

இரவுப்பணி

அமெரிக்கா இப்போது அந்த வழியில்தான் போகிறது. ஏவுகணைக்கு அது நல்ல பதில். நூறில் ஒன்றைச் சுட்டு என்ன லாபம்? ஆனால் நூறிலும் ஒரே மென்பொருள் என்றால், ஒன்றில் இருக்கும் ஓட்டை நூறிலும் இருக்கும். இதை விற்க வருகிறவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அணுகுண்டுக்கும் அது பதில் இல்லை. 1962 ஜூலை 9 அன்று அமெரிக்கா பசிபிக் மேல் 400 கி.மீ. உயரத்தில் 1.4 மெகா டன் குண்டை வெடித்தது. டெல்ஸ்டார் அதற்கு மறுநாள்தான் ஏவப்பட்டது. வெடித்தபோது அங்கே இல்லாத அந்தச் செயற்கைக்கோளும், விட்டுப்போன கதிர்வீச்சில் நனைந்து நனைந்து 1963 பிப்ரவரியில் ஊமையாகிவிட்டது. அணு ஆயுதத்தைச் சுற்றுப்பாதையில் வைக்கக் கூடாது என்று 1967 ஒப்பந்தம் தடுப்பது சும்மா இல்லை.

மற்றபடி காவல் என்பது அலுப்பூட்டும் வேலை. மேலே போகும் ஒவ்வொரு கட்டளைக்கும் ரகசியச் சாவியால் முத்திரை, கூடவே ஒரு வரிசை எண். எண் இல்லாவிட்டால் நேற்று அனுப்பிய கட்டளையைப் பதிவு செய்து இன்று எவனாவது திருப்பி அனுப்பினாலும் செயற்கைக்கோள் கீழ்ப்படியும். நொடிக்குப் பலமுறை அலைவரிசை மாறினால் அமுக்குபவனுக்குத் துரத்துவது கஷ்டம். ஜாமர் இருக்கும் திசைக்கு மட்டும் செவிடாகிவிடும் ஆன்டெனாவும் உண்டு. அப்புறம் கட்டளை அறை கம்ப்யூட்டரில் யாரும் பென்டிரைவ் சொருகாமல் பார்த்துக்கொள்வது. இதற்காக நான் போட்ட சண்டைகள் தனிக் கதை.

தூரதர்சி

ஒன்று விட்டுப்போச்சு. பக்கத்தில் வந்து நின்று ஒட்டுக்கேட்பது. ரஷ்யாவின் லூச்-ஒலிம்ப் என்ற செயற்கைக்கோள் 2017இல் பிரான்ஸும் இத்தாலியும் சேர்ந்து வைத்திருந்த ராணுவச் செயற்கைக்கோள் அத்தேனா-ஃபிடஸ் பக்கத்தில் போய் நின்றது. மறு வருடம் பிரான்ஸ் ராணுவ அமைச்சர் ஃப்ளோரன்ஸ் பார்லி அதைப் பகிரங்கமாகவே சொன்னார். விண்வெளியில் இத்தனை கி.மீ. தள்ளி நில் என்று சட்டம் கிடையாது. வேலி இல்லாத மனையில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டில் போட்டுப் படுத்தால் என்ன சொல்ல முடியும்?

வான்மதி_இயற்பியல்

இதையும் சேர்த்துக்கொள்கிறேன். இரவுப்பணி சார், கடைசியாக ஒன்று: அன்றைக்கு லாக் புத்தகத்தில் என்னதான் எழுதினீர்கள்?

இரவுப்பணி

2:20க்கு: "குறுக்கீடு. காரணம் தெரியவில்லை." ஷிஃப்ட் தலைவர் மறுநாள் மதியம் வரை என்னோடு பேசவில்லை. 6:10க்கு: "காரணம், வாடிக்கையாளரின் சொந்த ஆன்டெனா." இந்த இரண்டாவது வரியை மட்டும் மாற்றச் சொல்லி அந்த வாடிக்கையாளர் மூன்று முறை கடிதம் எழுதினார்.