500 சிசி காலத்துப் பந்தயங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கேள்வி: இப்போதுதான் மோட்டோஜிபி பைக் பந்தயம் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். பழைய ரசிகர்கள், அதற்கு முன்பு உச்சப் பிரிவாக இருந்த 500 சிசி காலத்து வீரர்கள் ஷ்வான்ட்ஸ், ரெய்னி என்று உருகுகிறார்கள். எதை முதலில் பார்க்கலாம் அண்ணே?

பதில்: தம்பி, 1991இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைம் தடத்தில் நடந்த பந்தயம். யோசிக்கவே வேண்டாம். கடைசிச் சுற்று, ரெய்னியும் ஷ்வான்ட்ஸும் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். காட்டு வழி நேர்பாதை முடிந்து ஸ்டேடியத்துக்குள் திரும்பும் இடத்தில் ஷ்வான்ட்ஸின் பிரேக்கைக் கவனியுங்கள். ரெய்னி பிரேக் போட்ட பிறகும் இவர் போடவில்லை. சுசுகியின் பின்பக்கம் கன்னாபின்னாவென்று ஆடுகிறது, ஆனாலும் வளைவைப் பிடித்து ஜெயித்துவிடுகிறார். அந்த டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் சக்தி படிப்படியாக வராது, திடீரென்று பாயும். டிராக்‌ஷன் கன்ட்ரோலும் (சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணு வசதி) கிடையாது. வழுக்கும் பின்சக்கரம் சட்டென்று பிடித்தால் ஆளையே தூக்கி எறிந்துவிடும். எல்லாம் ஆக்சிலேட்டரைத் திருகும் வலது மணிக்கட்டில்தான். எனக்கு ரெய்னிதான் உசத்தி. 1990, 91, 92 என்று வரிசையாக மூன்று பட்டம். 1993இல் இத்தாலியின் மிசானோவில் முன்னணியில் இருந்தபோதுதான் விழுந்தார். நெஞ்சுக்குக் கீழே செயலிழந்துபோனது. அந்த வருடப் பட்டம் ஷ்வான்ட்ஸுக்கு. 2022இல் இங்கிலாந்தின் குட்வுட் விழாவில் கையாலேயே இயக்கும்படி மாற்றிய தன் பழைய யமஹாவை ரெய்னி ஓட்டினாரே, அதையும் பாருங்கள்.

இன்னொரு பதில்: ஃப்ரெடி ஸ்பென்சரை விட்டுவிட்டீர்களே! 1985இல் 250 சிசி, 500 சிசி இரண்டு பிரிவுப் பட்டமும் அவருக்கு. ஒரே நாளில் இரண்டு பந்தயம் ஓட்டுவார்.

கேள்வி கேட்டவர்: ஹாக்கன்ஹைம் பார்த்துவிட்டேன். அந்த பிரேக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். அடுத்து இன்னொரு 500 சிசி வீரர் மிக் டூஹன் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: 1992இல் நெதர்லாந்தின் ஆசெனில் விழுந்து காலே போகவிருந்தது. அப்புறம் காலால் அழுத்தும் பின்பிரேக்கைக் கையின் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டு, 1994 முதல் 98 வரை ஐந்து பட்டம்!