இரண்டு திரை, இரண்டு அளவு: எக்ஸ்எஃப்சிஇ-யில் வழி உண்டா?

திண்ணைவாசி:
லினக்ஸில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன், மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன். லேப்டாப் திரை 15.6 அங்குலம், 4கே. பக்கத்தில் 24 அங்குல சாதாரண 1080பி மானிட்டர். எழுத்தையும் மெனுவையும் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுவது என்ற அளவை 2 என்று வைத்தால் லேப்டாப்பில் எல்லாம் சரி, மானிட்டரில் மெனுக்கள் பூதாகரமாகிவிடுகின்றன. 1 என்று வைத்தால் மானிட்டர் சரி, லேப்டாப்பில் தமிழ் எழுத்தின் புள்ளியே கண்ணுக்குத் தெரியவில்லை, ‘கல்’லா ‘கல’வா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நான் பிழை திருத்தும் வேலை செய்கிறவன், எனக்குப் புள்ளிதான் முக்கியம். 2024 டிசம்பரில் வந்த எக்ஸ்எஃப்சிஇ 4.20 பதிப்பு வரை ஏற்றியும் பார்த்துவிட்டேன். திரைக்குத் திரை தனி அளவு என்ற ஒன்றை ஏன் இன்னும் செய்யவில்லை? கோபமாகத்தான் கேட்கிறேன்.

முனையம்:
கோபம் நியாயம்தான். ஆனால் முட்டுக்கட்டை அடியில் இருந்து திரையில் எல்லாவற்றையும் வரைய உதவும் எக்ஸ்11-இல் இருக்கிறது. அது 1987-இல் வந்தது. எத்தனை மானிட்டர் செருகினாலும் எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய பலகை, அதற்கு ஒரே டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்ற கணக்கு), அப்படித்தான் நிரல்கள் நினைத்துக்கொள்கின்றன. உங்கள் லேப்டாப்பில் அங்குலத்துக்குச் சுமார் 282 பிக்சல், மானிட்டரில் 92. மூன்று மடங்கு வித்தியாசம், ஒரே டிபிஐ எப்படிப் பொருந்தும்?

இப்போதைக்கு இப்படிச் செய்யுங்கள். பொது அளவை 2 ஆகவே விடுங்கள். அப்புறம் திரைகளை அமைக்கும் எக்ஸ்ரேண்டர் கட்டளையில் மானிட்டருக்கு மட்டும் ஸ்கேல் 2 கொடுங்கள், படம் 3840க்கு 2160 ஆக வரையப்பட்டு 1080க்குச் சுருங்கும். லேப்டாப் இடப்பக்கம் இருந்தால் மானிட்டரின் இடத்தை 3840, 0 என்று கையாலேயே குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். எழுத்து சற்று மங்கும், கிராபிக்ஸ் சிப்புக்கும் சுமை கூடும்.

நள்ளிரவுநிரல்:
எக்ஸ்எஃப்சிஇ-யில் இது ஏன் இல்லை என்று கேட்டால், எத்தனை நாள்தான் ‘எழுதுகிறவர்கள் தன்னார்வலர்கள், பாவம்’ என்றே சொல்வது? கேடிஇ பிளாஸ்மா என்ற வேறு டெஸ்க்டாப்பில், எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலேண்டுக்குப் போனால் ஒவ்வொரு திரைக்கும் தனி அளவு வைக்கலாம், 1.5 கூட. அங்கே போய்விடுங்கள்.

கரைமேல்:
பிளாஸ்மா நல்ல யோசனைதான், அவசரம் என்றால் நானும் அதையே சொல்வேன். ஆனால் இங்கே யாரும் சும்மா இருக்கவில்லை. 4.20-இல் வேலேண்ட் பரிசோதனை நிலையில் வந்துவிட்டது, திரை ஓரத்துப் பட்டையான பேனல் எல்லாம் ஓடுகிறது. சாளரங்களை நிர்வகிக்கும் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 மட்டும் இன்னும் வேலேண்டுக்கு மாறவில்லை, அதனால் அந்த வேலைக்கு லேப்டபிள்யூசி மாதிரி வேறொன்றைத் துணைக்கு வைக்க வேண்டும். பின்னால் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் கிடையாது, பெரும்பாலோர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறார்கள்.

ஒருமுறை நானும் ‘திரை சரியாக வரவில்லை’ என்று அவர்களுக்கு ஒரே வரியில் புகார் போட்டேன், மாதக்கணக்கில் பதிலே இல்லை. பிறகு மானிட்டர் மாடல், எக்ஸ்ரேண்டர் காட்டுவது முழுவதும், எந்தக் கேபிள், செருகி எடுத்தால் என்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதினேன். அப்போதுதான் பேச்சே தொடங்கியது. உங்கள் லேப்டாப்-மானிட்டர் ஜோடி அவர்கள் யாரிடமும் இல்லாமல் இருக்கலாம், அதைப் பார்த்துச் சொல்ல உங்களால்தான் முடியும். தமிழ்ப் புள்ளி மறைவதையும் ஸ்கிரீன்ஷாட்டோடு போடுங்கள்.

திண்ணைவாசி:
எக்ஸ்ரேண்டர் வழி வேலை செய்கிறது, நன்றி முனையம். புள்ளி இரண்டிலும் தெரிகிறது, மானிட்டரில் லேசாக மங்கல், பொறுத்துக்கொள்ளலாம். கேபிளைக் கழற்றி மாட்டினால் மட்டும் அமைப்பு கலைந்துவிடுகிறது. அதை விவரமாக எழுதி இன்று இரவே புகார் போடுகிறேன்.