எல்லாம் அணைத்த பிறகும் இன்வெர்ட்டரில் 140 வாட் காட்டுகிறது

களக்காட்டு வாழை:
களக்காட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் வாழைத்தோட்டம், கரண்ட் கம்பி வரவில்லை. காவல் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டரும் 51.2 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் பேட்டரியும் போட்டிருக்கிறோம். ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் டிஸ்பிளேயில் லோடு 140 வாட் என்றே நிற்கிறது. அவுட்புட் வயரில் கிளாம்ப் மீட்டர் போட்டால் 0.6 ஆம்பியர், அதுவும் கணக்குக்கு ஒத்துத்தான் வருகிறது. ஆனால் மாலை 6 மணிக்கு 100 சதவீதம் இருந்த பேட்டரி காலை 6 மணிக்கு 85. 140 வாட் 12 மணி நேரம் ஓடியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலியாகியிருக்க வேண்டுமே? ஐப்பசி மழை பிடித்தால் மூன்று நாளைக்கு வெயில் முகமே தெரியாது, அதற்குள் எது பொய் என்று தெரிந்தாக வேண்டும். மாட்டிக் கொடுத்தவர் இன்வெர்ட்டர் போர்டையே மாற்றச் சொல்கிறார்.

பணகுடி வயர்மேன்:
போர்டை மாற்றிவிடாதீங்க அண்ணாச்சி. முதலில் அவுட்புட் எம்சிபியை, அதாவது வீட்டுக்குப் போகும் லைனின் டிரிப் சுவிட்சை, இறக்கிப் பாருங்கள். அப்பவும் 140 நின்றால் கோளாறு இன்வெர்ட்டருக்குள்ளே. பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் வீட்டில் ஏதோ ஒன்று இழுக்கிறது, பிளக் பிளக்காகப் பிடுங்கித் தேடுங்கள்.

அம்பை பெரியவர்:
தம்பி, 0.6-ஐ 230-ஆல் பெருக்கினால் கிடைப்பது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் இல்லை. டிரான்ஸ்பார்மர் உள்ள சாமான் சும்மா கிடந்தாலும் கரண்ட் இழுக்கும், இழுத்ததில் பெரும்பகுதியை அந்தந்த சைக்கிளிலேயே திருப்பிக் கொடுத்துவிடும், உள்ளே சூடாகப் போவது கொஞ்சம்தான். உங்கள் கிளாம்ப் கரண்டை மட்டும் அளக்கிறது, டிஸ்பிளேயும் விஏவையே வாட் என்று காட்டுகிறது போல, அதனால்தான் ரெண்டும் ஒத்துப் போகின்றன. உண்மை பேட்டரி கேபிளில்தான் இருக்கிறது. அதற்கு டிசி அளக்கிற கிளாம்ப் வேண்டும், ஏசி மட்டும் அளப்பது உதவாது. மாட்டுவதற்கு முன் ஜீரோ பட்டனை அழுத்துங்கள், அப்புறம் கிளாம்பைத் திருப்பி மாட்டி இன்னொரு தடவை பாருங்கள். வித்தியாசம் வந்தால் ரெண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் சரியான அளவு.

களக்காட்டு வாழை:
எம்சிபியை இறக்கியதும் பூஜ்யம். தேடிப் பார்த்தால் ஸ்டெபிலைசர்! பிரிட்ஜ் ரிப்பேருக்குப் போய் ஒரு மாதமாகிறது, அது மட்டும் சுவரில் தொங்குகிறது, அந்த சாக்கெட்டுக்கு சுவிட்சே வைக்காமல் நேராக லைன் கொடுத்திருக்கிறார்கள். மேலே கை வைத்தால் இளஞ்சூடு. பேட்டரி கேபிளில் 53 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் ஓடியது, அதைப் பிடுங்கியதும் 0.9. ஆக, ஸ்டெபிலைசர் தின்றது 16 வாட்தான், டிஸ்பிளே காட்டியது 140. பேட்டரியிலிருந்து மொத்தமாகப் போன 64 வாட்டை 12 மணி நேரத்துக்குப் போட்டால் அந்த 15 சதவீதம் அப்படியே வருகிறது. மிச்சம் 48 வாட்?

பணகுடி வயர்மேன்:
அது இன்வெர்ட்டர் தனக்கென்று எடுத்துக்கொள்வது அண்ணாச்சி, அதைப் பெரும்பாலும் டிஸ்பிளேயில் காட்டாது. செட்டிங்கில் பவர் சேவிங் இருந்தால் போடலாம், குறையும். ஆனால் ஒரே ஒரு சின்ன எல்இடி மட்டும் எரிந்தால் இன்வெர்ட்டர் முழுசாக எழும்பாது, பல்பு விட்டு விட்டு மினுங்கும். பன்றிக் காவலுக்கு விடிய விடிய வெளிச்சம் வேண்டுமென்றால் தனியாக ஒரு சோலார் விளக்கு மாட்டிவிடுங்கள்.