மண்டபம் வத்தைப் படம்: அடிவானம் தப்பா, படகு தப்பா?

பாக்நீரிணை: மண்டபம் கரையோரத்து வத்தைங்கிற நாட்டுப்படகைப் பென்சில்ல வரைஞ்சு, "அடிவானத்தைத் தாளோட நடுவுல போடு, படகு தானா உட்காரும்"னு ஒருத்தர் பாடம் வேற எடுத்திருக்கார். படகுக்குள்ள குறுக்குக்கட்டை, வலைக்குவியல் வரைக்கும் தெரியுது. அடிவானமோ படகு விளிம்புக்குக் கீழ ஓடுது! உள்பக்கம் தெரிஞ்சா கண்ணு விளிம்பைவிட உசரத்துல இருக்குன்னு அர்த்தம். கண்மட்டம்தான் அடிவானம். பாம்பன் சாலைப் பாலத்துல நின்னு பாருங்க, நாட்டுப்படகு மொத்தமும் அடிவானத்துக்குக் கீழதான் கிடக்கும்.

தொண்டிக்காரன்: படகு நம்ம பக்கம் சாஞ்சிருந்தா? மணல்ல உட்கார்ந்து பார்த்தாலும் உள்பக்கம் தெரியும்.

பாக்நீரிணை: சாஞ்ச படகுல பாய்மரம் மட்டும் நட்டுக்குத்தா நிக்குமா?

தொண்டிக்காரன்: நேரா நம்மளை நோக்கிச் சாஞ்சா நட்டுக்குத்தாத்தான் தெரியும், கொஞ்சம் குட்டையா. அண்ணன் அந்தப் பாடத்துக்கு லீவு போல.

பாக்நீரிணை: அப்படின்னா தண்ணியில பிம்பம் மரத்தைவிட நீளமா விழணும். படத்துல பாதிதான் இருக்கு. அடிவானம் தப்பு.

கீழக்கரைக் கரிக்கோல்: வாடையில வடகடல் கொந்தளிக்கும்போது பிம்பம் துண்டு துண்டாத்தான் விழும். அதை விடுங்க. எடுத்த எடுப்புலயே கன்னங்கரேல்னு விழுற 6பி பென்சிலை அப்பியிருக்காரே! கெட்டியான 2எச்-ல லேசா உருவம், நடுத்தரமான எச்பி-ல பலகை மூட்டு, கடைசியா 4பி-ல அணியத்துக்கு, அதான் படகோட முன்பக்கத்துக்கு, அடியில இருட்டு. கடல்காத்துல தாள் ஈரம் குடிச்சிருக்கும். 2எச்-ஐ அழுத்தினா பள்ளம் விழுந்து, மேல எவ்வளவு தீட்டினாலும் வெள்ளைக்கோடா பல்லைக் காட்டும்.

பாக்நீரிணை: பென்சில் நம்பரை யாரு கேட்டா கரிக்கோல் அண்ணே? அடிவானத்துக்குப் பதில் சொல்லுங்க.

தொண்டிக்காரன்: 17ஆம் நூற்றாண்டுல டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டி வெல்டெ கடற்போருக்கு நடுவுல சின்னக் கப்பல்ல இருந்து வரைஞ்சார். அவர் என்ன அடிவானத்தை அளந்துகிட்டா இருந்தார்?

பாக்நீரிணை: தாழ இருந்து பார்த்தா அடிவானம் பெரிய கப்பலோட அடிப்பக்கத்தை ஒட்டி ஓடும், தளம் கண்ணுல படாது. சாட்சி என் பக்கம்தான் பேசுது!

கீழக்கரைக் கரிக்கோல்: அவர் பென்சிலுக்கு மேல தண்ணி கலந்த சாம்பல் நிற மையும் தீட்டுவார். வெறும் பென்சில்னு ஏமாத்தாதீங்க.

தொண்டிக்காரன்: ஏமாத்தினது யாரு? முதல்ல, படத்துல இருக்கறது வத்தையே இல்லை. வள்ளம்.

பாக்நீரிணை: ஓஹோ! வத்தைக்கு அடி தட்டை, தரை தட்டினா நிமிர்ந்து உட்காரும், சாய்வுக் கதை செல்லாது. அதான் இப்ப வள்ளமா மாறிடுச்சு.

தொண்டிக்காரன்: வள்ளம் ஏரா உள்ள படகு, அடியில நீளவாக்குல கட்டை ஓடும். தரை தட்டினா சாயத்தான் செய்யும்.

பாக்நீரிணை: தலைப்புல வத்தைன்னு எழுதினவர் உங்க சிஷ்யர்தானே? போன தடவை சுக்கானை அணியத்துல மாட்டினப்பவும் நீங்கதான் வக்காலத்து.

தொண்டிக்காரன்: சுக்கான் பஞ்சாயத்தை இங்க இழுக்காதீங்க.

பாக்நீரிணை: சரி. படகு நிமிர்ந்து நிக்கணும், உள்ள வலை தெரியணும், அடிவானம் விளிம்புக்குக் கீழ ஓடணும். மூணும் சேர வரைஞ்சு போடுங்க, பார்ப்போம்.

தொண்டிக்காரன்: வள்ளமாத்தான் போடுவேன். சாஞ்ச வள்ளம்.