மாலை பூஞ்சை பிடித்தது, பதினோரு ரோஜா மிஞ்சியது

போன ஐப்பசியில் மகளுக்குக் கல்யாணம். முகூர்த்தம் முடிந்து மாலையைக் கழற்றும்போதே "அம்மா, இதைத் தூக்கிப் போட்டுவிடாதே, எனக்கு வேணும்" என்று சொல்லிவிட்டாள். சம்பங்கியும் சிவப்பு ரோஜாவும் மாற்றி மாற்றி வைத்து, நடுநடுவே மரிக்கொழுந்து சேர்த்து நெருக்கமாகக் கட்டிய கனமான மாலை. சென்னையில் அந்த வாரம் முழுக்க மழை. அதை அப்படியே படுக்கையறைக் கொடியில் தொங்கவிட்டு, சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலையும் சாத்திவிட்டு மறுவீட்டு வேலைகளில் இறங்கிவிட்டேன். மூன்றாம் நாள் அறைக்குள் நுழைந்தால் புளித்த வாடை. ஐந்தாம் நாள் சம்பங்கிகளுக்கு இடையில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூஞ்சை. அவள் போன் செய்து மாலை எப்படி இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்து மாலையைப் பிரித்தேன். பிரித்தபோதுதான் காரணம் புரிந்தது. வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் மாலை கட்டுவார்கள், அப்புறம் வாடக் கூடாதென்று மேலேயும் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே தெரிகிற இதழெல்லாம் காய்ந்து மொடமொடவென்று இருக்கிறது, உள்ளே நார் இன்னும் சொதசொதவென்று இருக்கிறது. சம்பங்கி இதழ் வேறு சதைப்பற்றானது, தன் ஈரத்தை லேசில் விடாது. காற்றும் போகாத அறையில் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். அதனால் கல்யாண மாலையை எடுத்துவைக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாலையை முழுசாகக் காயவைக்க ஆசைப்படாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு அன்று ராத்திரியே பிரித்துவிடுங்கள், நல்ல பூக்களை மட்டும் தனியாகக் காயவையுங்கள். காய்ந்தபின் அதே வரிசையில் நூலில் கோத்துக்கொள்ளலாம்.

எனக்குத் தேறியது பதினோரு ரோஜா. அதில் நாலை ரெசினில், அதாவது ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகிவிடுகிற பிசினில் போட்டுத் தரச் சொல்லி, வீட்டிலிருந்தே அந்த வேலை செய்கிற ஒருவரிடம் கொடுத்தேன். மீதி ஏழை நானே சிலிக்கா ஜெல்லில் வைத்தேன். புது செருப்புப் பெட்டிக்குள் சின்னப் பொட்டலமாக வருமே, அதே பொருள்தான். பூவுக்கு ரவை மாதிரி பொடியாக இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும், பெரிய குருணை இதழில் பள்ளம் பள்ளமாகத் தடம் பதித்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, காம்பை ஒரு அங்குலம் விட்டு நறுக்கி, பூவை முகம் மேலே பார்க்க நிறுத்தி வைத்தேன். அப்புறம் ஸ்பூனால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு இதழ் இடுக்கிலும் நிறைகிற மாதிரி போட வேண்டும். மேலேயிருந்து ஒரேயடியாகக் கொட்டினால் பூ அமுங்கி முகமே மாறிவிடும். இந்த ஒரு வேலைக்கு ஏழு பூவுக்கும் சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது. கடைசியில் பூ முழுக்க மறைகிற வரை மூடி, டப்பாவைச் சாத்தி ஏழு நாள் தொடவில்லை.

திறந்து தூரிகையால் தட்டித் தட்டி எடுத்தபோது ஏழில் ஆறு முழுசாக வந்தன. ஒன்றில் மட்டும் அடி இதழ் உதிர்ந்தது, பெவிகாலை ஊசிமுனையில் தொட்டு ஒட்டிவிட்டேன். நிறம் மட்டும் மாறியிருந்தது. செக்கச்செவேல் என்றிருந்தது கருஞ்சிவப்பாகிவிட்டது, ஓரமெல்லாம் கறுப்பு. சிவப்பு ரோஜா எப்படிக் காய்ந்தாலும் இப்படித்தான் கறுக்கும், காய்ந்த பிறகும் அந்தப் பழைய சிவப்பே வேண்டுமென்றால் காய்வதற்கு முன் ஒரு படி வெளிறிய பூவாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இளஞ்சிவப்பும் மஞ்சளும் ஏறக்குறைய அப்படியே நிற்கின்றன, பிறகு வேறு பூக்களில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். வெள்ளை பழுப்பேறும்.

இன்னொன்று. ஈரம் ஏறினால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறுகிற சிலிக்கா கிடைக்கிறது. பார்க்க வசதிதான், ஆனால் அந்த நீலம் கோபால்ட் குளோரைடு, அது நல்லதில்லை. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வெள்ளையோ ஆரஞ்சோ வாங்குங்கள். கொட்டும்போது தூசி பறக்கும், மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ஈரம் ஏறியதை அடுப்பில், நான் ஓவனைச் சொல்கிறேன், ஏறக்குறைய 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தலாம். தட்டு மட்டும் சமையலுக்குத் திரும்பக் கூடாது.

ரெசினில் போனவை? வந்தபோது கண்ணாடிக்குள் இருப்பதுபோல் அத்தனை அழகு. இரண்டு மாதத்தில் நாலும் உள்ளேயே பழுப்பாகி, இதழைச் சுற்றி வெள்ளிக் கோடு மாதிரி குமிழிகள். பூ நடுவில் ஈரம் இருக்கும்போதே ஊற்றியிருக்கிறார்கள். ரெசின் மூடிவிட்டால் அந்த ஈரம் எங்கே போகும், பூவைத்தான் தின்னும். கொடுக்கிறவர்கள் உங்கள் கையால் காயவைத்துக் கொடுங்கள், காம்பை ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

அக்கா, படித்ததும் எங்கள் ஆச்சியின் தகரப்பெட்டி ஞாபகம் வந்துவிட்டது. எனக்கு ஊர் ஆழ்வார்திருநகரி பக்கம். சிலிக்காவும் கிடையாது ஒன்றும் கிடையாது, அந்தப் பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் வாசனை வரும். எல்லாம் மகிழம்பூ.

மகிழம்பூவைப் பறிக்கவே வேண்டாம், விடியக்காலையில் மரத்தடியில் தானாக உதிர்ந்து கிடக்கும். சின்னச் சக்கரம் மாதிரி, நடுவில் ஓட்டையோடு விழும், ஊசியே இல்லாமல் ஈர்க்கில் கோத்துவிடலாம். சின்ன வயசில் எனக்கு அதுதான் வேலை. ஆச்சி அந்தச் சரத்தை முற்றத்துத் தூணில் நிழலாகத் தொங்கவிடுவாள். சந்தன வெள்ளை இரண்டு நாளில் மரநிறமாகிவிடும், பார்க்க ஒன்றுமே இருக்காது. வாசனை மட்டும் போகாது. மல்லிகைக்கு ஒரு நாள் வாழ்வு, மகிழுக்கு வருஷக்கணக்கு என்பாள். நம்மாழ்வாருக்கு வகுளாபரணர் என்ற பெயரே இந்தப் பூவால் வந்ததுதான், வகுளம் என்றால் மகிழம். திருவொற்றியூர்க் கோயிலிலும் மகிழமரம்தான் தலமரம், சென்னையில் இருக்கிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.

அதே பெட்டியில் தாழம்பூ மடலும் இருக்கும். அதில் ஒரு எச்சரிக்கை: எங்கள் சித்தி, வாசனை குறைந்துவிடுமே என்று பச்சை மடலையே பட்டுப்புடவை மடிப்பில் வைத்து, அரக்குப் பட்டில் மஞ்சள் கறை படிந்துவிட்டது, இன்றுவரை போகவில்லை. மடல் நன்றாக உலர்ந்து சலசலக்க வேண்டும், அப்புறம் மல்துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

நிறத்துக்குக் காயவைப்பதென்றால் எங்கள் பக்கத்தில் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும்தான். வாடாமல்லி செடியில் இருக்கும்போதே தாள் மாதிரிதான் இருக்கும், ஈரமே குறைவு. கொத்தாகக் கட்டித் தலைகீழாக இருட்டறையில் இரண்டு வாரம் தொங்கவிட்டால் போதும், கத்தரிப்பூ நிறம் அப்படியே நிற்கும். வெயிலில் மட்டும் வேண்டாம், வெளுத்துவிடும். தூத்துக்குடியிலிருந்து காய்ந்த பூவும் நெற்றும் காயும் கப்பலேறி வெளிநாடு போகின்றன, அங்கே போய்ப் பார்த்தால் நாம் குப்பையில் போடுகிற எத்தனையோ பொருள் அந்த மூட்டைகளில் இருக்கும்.

*

நீங்கள் எல்லோரும் பார்ப்பதற்கும் முகர்வதற்கும் காயவைத்ததைச் சொல்கிறீர்கள், நான் சாப்பிடக் காயவைத்ததைச் சொல்கிறேன். பங்குனிக் கடைசியில் வீட்டு வேப்பமரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவைப்போம், காலையில் பார்த்தால் பூ பாய் விரித்த மாதிரி கிடக்கும். நிழலில் நாலு நாள், கையால் கசக்கினால் காம்பு தனியாக வரும், முறத்தில் புடைத்துப் பாட்டிலில் போட்டால் அடுத்த சித்திரை வரை ரசத்துக்கு ஆகும். நெய்யில் கறுக வறுத்து ரசத்தில் போடும்போது வருகிற அந்த வாசனைக்காகவே நான் இதை விடாமல் செய்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை வெயில் காட்டவில்லையென்றால் புழு வைத்துவிடும், போன வருஷம் ஒரு பாட்டில் முழுசாகப் போனது.

ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். சிலிக்காவில் வைத்த பூவைச் சாப்பாட்டுக்கோ டீக்கோ எடுக்கவே கூடாது. கடையில் வாங்கிய மாலை ரோஜாவையும் குல்கந்துக்கு எடுக்காதீர்கள், அதற்கு என்னென்ன மருந்து அடித்திருக்கிறார்களோ. வீட்டுச் செடியில் பூத்த பன்னீர் ரோஜா என்றால் சரி.

*

இதை எங்கே கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன். அம்மா தவறி எட்டு மாதம் ஆகிறது. கடைசியாக அவர் தலையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தில் ஒரு முழத்தைத் தனியாக எடுத்து, என் பழைய டைரிக்குள் வைத்திருந்தேன். நேற்றுத்தான் திறந்து பார்த்தேன். எல்லாம் பழுப்பாகி டைரித் தாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் ராமபாணப் பூச்சி அரித்திருக்கிறது. வாசனை சுத்தமாக இல்லை. அந்த வெள்ளையையும் வாசனையையும் ஏதாவது செய்து திரும்பக் கொண்டுவர முடியுமா அக்கா?

*

முடியாதும்மா. பொய் சொல்லி உங்களை அலையவிட மனசு வரவில்லை. மல்லிகையை மொட்டாகப் பறித்து, சாயந்திரம் விரியும்போதுதான் வாசனை கிளம்புகிறது, அது காற்றோடு போகிற எண்ணெய், மறுநாளே பாதி போய்விடும். அந்த மெல்லிய இதழ் நசுங்கினாலே பழுக்கும், எந்த முறையில் காயவைத்தாலும் வெள்ளை நிற்காது. நானும் சிலிக்காவில் மூன்று தடவை முயன்றுவிட்டேன். நீங்கள் எதுவும் தப்பாகச் செய்யவில்லை.

ஆனால் மிஞ்சியிருப்பதைக் காப்பாற்றலாம், அதை உடனே செய்யுங்கள். தாளிலிருந்து பிய்க்காதீர்கள், ஒட்டியிருக்கிற அந்தப் பக்கத்தையே சரத்தோடு சேர்த்து மெதுவாகக் கத்தரித்து எடுங்கள். ஒரு ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி, ஒரு வாரம் பிரீசரில் வையுங்கள், பூச்சியும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்க வேண்டாம், அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே இருக்கட்டும், இல்லையென்றால் உள்ளே வேர்த்து மறுபடி ஈரமாகும். அப்புறம் கண்ணாடிச் சட்டத்தில், கண்ணாடி பூவைத் தொடாதபடி ஓரத்தில் கனமான அட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு சிலிக்காப் பொட்டலம் ஒட்டி மூடுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், சமையலறைச் சுவரும் வேண்டாம். டைரியில் அந்தப் பக்கத்தில் அம்மாவைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அந்த எழுத்தும் தெரிகிற மாதிரியே சட்டம் போடச் சொல்லுங்கள்.

பிரீசரிலிருந்து எடுக்கும் அன்று ஏதாவது சந்தேகம் இருந்தால் எழுதுங்கள், நான் பார்க்கிறேன்.