எங்கள் ஊர் கிளை நூலகம் எப்போது தொடங்கியது? எங்கே தேடுவது?

மாடிப்படி:
வாசகர் வட்டத்தில் ஒரு சிறு மலர் போடலாம் என்று முடிவாகி, நூலக வரலாறு எழுதும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. வாசலில் இருக்கும் கல்வெட்டு இப்போதைய கட்டடத்தின் திறப்பு நாளை மட்டும்தான் சொல்கிறது. அதற்கு முன்னால் கடைவீதியில் ஒரு வாடகை மாடியில் இருந்ததாம், அதற்கும் முன்னால் எங்கோ இருந்ததாம். ஆளுக்கு ஒரு வருடம் சொல்கிறார்கள். நூலகர் நல்லவர், ஆனால் மாற்றலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. யாராவது இப்படி எழுதியிருக்கிறீர்களா? எதிலிருந்து தொடங்குவது?

பழைய முத்திரை:
நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். கல்வெட்டை விடுங்கள், அதில் திறந்துவைத்தவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். நூல் சேர்க்கைப் பதிவேட்டைக் கேளுங்கள், நாங்கள் அக்சஷன் ரிஜிஸ்டர் என்போம். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலுக்கும் அதில் ஒரு எண் விழும். நூல் கிழிந்து கழித்துவிட்டாலும் அந்த வரி அப்படியே இருக்கும். முதல் பதிவேட்டில் எண் 1 எந்தத் தேதி, எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அப்புறம் பழைய நூல்களின் உள்பக்கத்து முத்திரைகள். நிறைய ஊர்களில் யாரோ நடத்திய வாசகசாலையோ கட்சிப் படிப்பகமோதான் பின்னால் கிளை நூலகம் ஆனது, அவர்கள் முத்திரைக்கு மேலேயே நம் முத்திரையையும் குத்தியிருப்போம். கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச் சீட்டையும் விடாதீர்கள். ஒரு நாவலின் சீட்டில் வாரம் தவறாமல் தேதி விழுந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்துக்கு மேல் வெறும் தாளாக இருக்கும். ஊரில் டிவி எப்போது நுழைந்தது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வண்டிமாடு:
மலரில் சட்டத்தைப் பற்றியும் ஒரு பத்தி போடுங்கள், யாரும் எழுதுவதில்லை. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அதற்காகப் பல வருடம் மன்றாடியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். சட்டத்துக்கு முன்பே, 1931இல், மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். சட்டம் செய்த பெரிய காரியம் நூலக வரி. உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், ரூபாய்க்கு 10 பைசா நூலகத்துக்கு என்று போகிறது. ஆகவே அது அரசு போட்ட பிச்சை இல்லை, ஊர்க்காரன் காசு. வரியை உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்ட வேண்டும், அது பல இடங்களில் பாக்கி நிற்பது தனிக் கதை. பழைய வாடகை ஒப்பந்தம், கட்டட அனுமதி எல்லாம் ஆணைக்குழு அலுவலகத்தில் இருக்க வாய்ப்புண்டு. கேட்டுத் தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டி ஒரு மனு போடுங்கள்.

வெள்ளி விடுமுறை:
தேதியெல்லாம் சரி சார், உள்ளே யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எங்கள் ஊரில் காலையில் பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள், பத்து மணிக்கு மேல் டிஎன்பிஎஸ்சி கூட்டம். நானும் அந்தக் கூட்டம்தான். வீட்டில் ஒரே அறை, நான் படிக்கிறேன் என்று யாரும் பேசாமல் இருக்க முடியாது. இரண்டு வருடம் அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துதான் குரூப் 4 எழுதினேன். நூல் ஒன்றுகூட இரவல் எடுத்ததில்லை என்று நூலகர் கிண்டல் செய்வார், வருகைக் கையேட்டில் மட்டும் என் கையெழுத்து பக்கம் பக்கமாக இருக்கும். எங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் உள்ளேயே வந்ததில்லை, பிள்ளைகளை அனுப்பித் தொடர்கதை வார இதழ்களை எடுத்துவரச் சொல்வார்கள். அவர்களையும் போய்க் கேளுங்கள், எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது.

மாடிப்படி:
எல்லோருக்கும் நன்றி. இன்று போய்ப் பதிவேட்டைக் கேட்டேன், பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அட்டை போய்விட்டது, எண் 1 இருக்கிறது! முதல் நாற்பது சொச்சம் வரிகள் ஒரே கையெழுத்து, ஒரே தேதி, எல்லாம் ‘நன்கொடை’. கொடுத்தவர் கட்டத்தில் வாசகசாலை என்று மட்டும் எழுதியிருக்கிறது. எது அந்த வாசகசாலை என்று பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேட்டால், “அதுவா, அங்கே ரேடியோ கேட்கத்தானே போவோம்” என்கிறார். ஞாயிறு காலை போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு அவர் முன்னால் உட்காரப் போகிறேன்.